சாமி என்று நினைத்த சூடு

அம்மன் பெயரைச் சொல்லித் தொடங்குகிறேன். அவள் பெயரைச் சொல்லித்தான் ஒரு பெரிய தப்பும் செய்தேன். அதைத் திருத்திக்கொள்ள வழி காட்டியவளும் அவள்தான் என்று நம்புகிறேன். அதனால் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

என் பெயர் பேச்சியம்மாள். வயது நாற்பத்தொன்பது. கல்யாணமாகித் தாராவிக்கு வந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. வீட்டுக்காரர் சுடலைமுத்து, பை தைக்கிற கார்கானாவில் இருக்கிறார். அங்கிருந்து வருகிற பைகளுக்கு வீட்டில் உட்கார்ந்து ஜிப் வைத்துக் கொடுப்பது என் வேலை. ஒரே மகள் கவிதா. வாஷியில் ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். நான் படித்தது எட்டாவது. இவ்வளவு நீளமாக இதற்கு முன்னால் எதுவும் எழுதியதில்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல், பார்க்கிற பெண்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. "ஒவ்வொருத்தியா பிடிச்சு வச்சு எத்தன நாளு சொல்லுவ? எழுதிக் குடுத்துரு" என்றார்கள் கோவில் மாதர் சங்கத்தில். கோவில் கொடைத் திருவிழாவுக்குப் போடுகிற மலரில் எனக்குப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரிந்தவர்கள் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். ஆண்கள் கேட்டாலும் கேட்கட்டும்.

போன தீபாவளியிலிருந்தே என் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. மாதவிலக்கு ஒரு மாதத்தில் இரண்டு தடவை வந்தது. அப்புறம் இரண்டு மாதம் எட்டிப் பார்க்கவில்லை. மறுபடி வந்தபோது பன்னிரண்டு நாள் நிற்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே தூக்கம் கலைந்துவிடும். ஜாக்கெட் நனைந்து முதுகோடு ஒட்டியிருக்கும். கை மூட்டெல்லாம் வலி, ஜிப்பைப் பிடித்து இழுக்க முடியவில்லை. கோபத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ரசத்தில் உப்பு கூடிவிட்டது என்று வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னதற்குக் கரண்டியை ஜன்னல் வழியாக வீசிவிட்டேன். அது கீழ்வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டையில் போய் விழுந்தது. அதைக் கேட்டு வாங்கப் போன இடத்தில், அவர்கள் ஒன்றும் சொல்லாமலே, நின்று தேம்பித் தேம்பி அழுதேன். எதற்கு அழுதேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

நின்று போகிற வயது என்பது தெரியும். ஆனால் நிற்பது என்றால் குழாயை மூடியதுபோல ஒரு நாள் நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். அதற்கு முன்னால் இத்தனை கூத்து உண்டு என்று ஒருத்தரும் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கண் பட்டிருக்கிறது என்று வெள்ளிக்கு வெள்ளி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன்.

எங்கள் சந்து அம்மன் கோவில் சின்னது. தகரக் கூரை. வெள்ளிக்கிழமை பூஜைக்கு நாற்பது பெண்கள் நெருக்கியடித்து நிற்போம். தை மாதம் ஒரு வெள்ளியன்று, சூடம் காட்டுகிற நேரம், உடுக்கைச் சத்தம் காதை அடைக்கிறது, சாம்பிராணிப் புகை கண்ணை மறைக்கிறது, என் நெஞ்சுக்குழியில் ஒரு சூடு கிளம்பியது. அது கழுத்துக்கு ஏறி, காதுக்கு ஏறி, உச்சந்தலையில் போய் நின்றது. நெஞ்சு படபடவென்று அடித்தது. முகம் சிவந்து வேர்வை ஆறாக வழிந்தது. கால் நடுங்கியது. பக்கத்தில் இருந்த கம்பியைப் பிடித்தேன்.

"ஆத்தா இறங்கிட்டாட்டி! பேச்சி மேல இறங்கிட்டா!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்.

அவ்வளவுதான். குலவை கிளம்பியது. உடுக்கை வேகம் பிடித்தது. ஒரு குடம் மஞ்சள்தண்ணீரை என் தலையில் கவிழ்த்து, கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். உள்ளே எரிந்த எரிச்சலுக்கு அந்தத் தண்ணீர் என்ன சுகமாக இருந்தது! நான் ஆடினேன். கொஞ்ச நேரத்தில் சூடு தானாக இறங்கி, உடம்பு குளிர்ந்து வெடவெடத்தது. "மலையேறிட்டா" என்று சொல்லி நெற்றி நிறையத் திருநீறு பூசினார்கள்.

நான் நடிக்கவில்லை. இதை அம்மன் சாட்சியாகச் சொல்கிறேன். நானும் நம்பினேன். இருபத்தேழு வருஷம் நாற்பது பேரில் ஒருத்தியாக நின்றவள் காலில் நாற்பது பேரும் விழுந்தால் யாருக்குத்தான் புல்லரிக்காது? அன்றைக்கு வீட்டுக்காரர் தன் தட்டைத் தானே கழுவிவைத்தார். "வா" என்று கூப்பிடுவதா "வாங்க" என்று கூப்பிடுவதா என்று தெரியாமல் இரண்டு நாள் என்னைக் கூப்பிடவே இல்லை.

அதற்குப் பிறகு அநேகமாக எல்லா வெள்ளியும் வந்தது. குறி கேட்கப் பக்கத்துச் சந்துகளிலிருந்தும் ஆள் வந்தார்கள். கவிதாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

"அம்மா, சாமி வெள்ளிக்கிழம மட்டும்தானே வரணும்? நேத்து நீ குக்கர் முன்னால நிக்கும்போதும் வந்துச்சே? ஒரு தடவ டாக்டர்ட்ட காட்டுவோம்."

"அம்மனுக்கு என்னட்டி வைத்தியம்?" என்று அவள் வாயை அடைத்தேன்.

டாக்டரிடம் போனால் அம்மனைச் சந்தேகப்பட்டதாகிவிடும் என்ற பயம் எனக்கு. இன்னொரு பயமும் இருந்தது. அருள் வருகிற உடம்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எனக்கோ எந்த நாள் ரத்தம் படும், எந்த நாள் படாது என்று தெரியவில்லை. ஒன்றிரண்டு வெள்ளி லேசாகப் பட்டிருந்தும் வெளியே சொல்லாமல் போய் நின்றேன். என்னை எதிர்பார்த்து அத்தனை பேர் நிற்கும்போது எப்படிச் சொல்வது?

இனி என் தப்பைச் சொல்கிறேன்.

எங்கள் வரிசையில் கடைசி வீடு சொர்ணம் மைனியுடையது. மைனி என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் அண்ணி; சொந்தமில்லை, முறைக்கு அப்படிக் கூப்பிடுவேன். ஐம்பத்தேழு வயது. வீட்டுக்காரர் இல்லை. மாட்டுங்காவில் ஒரு பூக்கடையில் மாலை கட்டுகிறார். மகளைக் கோவண்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறார். நான் புதுப்பெண்ணாக வந்து இறங்கியபோது தண்ணீர் வரிசையில் எனக்காகச் சண்டை போட்டவர் மைனிதான். முதல் இந்தி வார்த்தை சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அது ஒரு கெட்ட வார்த்தை. "இத மொதல்ல படிச்சுக்கோ, மத்ததெல்லாம் தானா வரும்" என்றார்.

சித்திரையில் ஒரு வெள்ளி, எனக்கு அருள் வந்து நின்றபோது, மைனி என் காலைப் பிடித்துக்கொண்டு காதோடு காதாகச் சொன்னார்:

"ஆத்தா, எனக்கு மூணு வருசத்துக்கு முந்தியே நின்னு போச்சு. இப்ப ரெண்டு மாசமா திரும்பவும் படுது. யார்ட்டயும் சொல்லல்ல. பயமா இருக்கு தாயே."

என் வாய் சொன்னது: "பயப்படாத. நான் இருக்கேன். மூணு வெள்ளி நெய்விளக்குப் போடு. எல்லாம் சரியாப் போவும்."

அந்த வார்த்தைகளை எங்கே கேட்டேன் என்று பின்னால் யோசித்துப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து எத்தனையோ சாமியாடிகள் வாயில் கேட்டவை. தலை சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் தானாக வந்து விழுந்தன. மைனி கண்ணீரோடு சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

மைனி மூன்றாவது விளக்கு ஏற்றிய அதே வெள்ளிக்கிழமை நான் விழுந்தேன். அந்த வாரம் முழுக்க எனக்கு ரத்தம் கட்டியாகக் கட்டியாகப் போனது. மூன்று துணி வைத்துக்கொண்டு கோவிலுக்குப் போனேன். உடுக்கை ஆரம்பித்தது, சூடு ஏறியது, கண் இருண்டது. கண் விழித்தபோது கவிதா கத்திக்கொண்டிருந்தாள்.

"உடுக்கைய நிறுத்துங்க! பந்த் கரோ! தண்ணி ஊத்தாதீங்க. கால்ல ரத்தம் போகுது, தெரியலையா?"

ஆஸ்பத்திரிக்குப் போகிற டாக்சியில் எனக்கு ஒரே நினைப்பு: தீட்டோடு போய் நின்றேன், அம்மன் அடித்துவிட்டாள். அந்த ரத்தத்தை விட அந்த நினைப்புத்தான் என்னை அதிகமாகச் சாகடித்தது.

மாநகராட்சி ஆஸ்பத்திரியில் முதலில் கேஸ் பேப்பர் என்கிற சீட்டுப் போட ஒரு வரிசை, பிறகு ரத்தம் எடுக்க ஒரு வரிசை. கவிதா எனக்காக நின்றாள், நான் ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன். ஹீமோகுளோபின் என்று ஒன்று இருக்கிறது. ரத்தத்துக்குச் சிவப்பைக் கொடுப்பது, உடம்பு முழுக்க மூச்சுக்காற்றைச் சுமந்து போவது அதுதான். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு ஐந்தே முக்கால் இருந்தது. "இதை வைத்துக்கொண்டு நடந்து வேறு திரிந்தாயா?" என்று நர்ஸ் திட்டினார். திட்டிக்கொண்டே போர்வையை இழுத்து மூடிவிட்டார்.

பெண்கள் வார்டில் ஏழு நாள். யாரோ முகம் தெரியாதவர்கள் கொடுத்த ரத்தம் இரண்டு பாட்டில் எனக்குள் இறங்கியது. அவர்கள் எந்தச் சாமி கும்பிடுகிறவர்களோ, அந்தச் சாமிக்கெல்லாம் கும்பிட்டேன். வயிற்றில் ஜில்லென்று பசை தடவிப் படம் பிடிக்கிற சோனோகிராபி எடுத்தார்கள். கர்ப்பப்பையில் சின்னதாக ஒரு சதைக்கட்டி இருந்தது. அது பல பெண்களுக்கு இருப்பதுதான், பயமில்லை என்றார்கள். ஆனால் கர்ப்பப்பையின் உள்பூச்சு தடித்திருந்ததால் அதிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பயாப்ஸி என்று அதற்குப் பெயர். அந்த வார்த்தையைக் கேட்டதும் "கேன்சரா?" என்று கேட்டுவிட்டேன். "பயாப்ஸி என்றால் கேன்சர் என்று அர்த்தம் இல்லை மாவுஷி. கேன்சர் இல்லை என்று உறுதிப்படுத்தத்தான் எடுக்கிறோம்" என்றார் டாக்டர். என் கவிதாவை விட நாலைந்து வயது மூத்த பெண். மராத்திக்காரி. மாவுஷி என்றால் அவர்கள் மொழியில் சித்தி. என்னோடு இந்தியில் பேசினார்.

வீட்டுக்காரரைப் பார்வை நேரத்தில் மட்டும் உள்ளே விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் ஜன்னலுக்குக் கீழே மரத்தடியில் நின்றிருப்பார். மூன்றாம் நாள் ஒரு பையைக் கொண்டுவந்து நீட்டினார். ரிப்போர்ட்டுகள் வைக்க ஒரு அறை, மாத்திரைக்கு ஒன்று, கேஸ் பேப்பருக்கு ஒன்று என்று மூன்று அறை. கார்கானாவில் மிச்சமான நீலத்துணியில் அவரே வெட்டித் தைத்தது. ஜிப் மட்டும் கோணலாக இருந்தது.

"ஜிப் வைக்கது இவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியாது பேச்சி" என்றார்.

இருபத்தேழு வருஷத்தில் அவர் எனக்குச் சொன்ன அருமையான வார்த்தை அதுதான்.

ஏழாம் நாள் வியாழக்கிழமை. என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோனார்கள். மாதவிலக்கு நிற்கிற வயதுப் பெண்களுக்கென்று வியாழன்தோறும் தனியாகப் பார்க்கிறார்களாம். அப்படி ஒன்று இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது!

உள்ளே நுழைந்த காட்சியை எப்படிச் சொல்வேன்! நீளமான பெஞ்சுகளில் முப்பது பெண்கள். ஒரே ஒரு ஃபேன். புடவை, புர்கா, சுடிதார், நைட்டி மேல் துப்பட்டா. பாதிப் பேர் கேஸ் பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் இருந்த மராத்தி அம்மா திடீரென்று முகம் சிவந்து, கழுத்தெல்லாம் வேர்த்து, கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அச்சு அசலாகத் தெரிந்த சூடு. நான் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"மாவுஷி, உங்களுக்கும் தேவி வருகிறாளா?" என்று கேட்டேன்.

அந்த அம்மா ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். "தேவியா? ஒரு நாளைக்குப் பதினைந்து தடவையா? பாத்ரூமில்கூடவா?" என்று கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பக்கத்து பெஞ்சுக்குச் சொன்னார். அவர்கள் அடுத்த பெஞ்சுக்குச் சொன்னார்கள். முப்பது பெண்களும் சிரித்தார்கள். சிரித்த சூட்டில் இன்னும் நாலு பேருக்கு வேர்த்தது. எனக்கும் வந்துவிட்டது. புர்கா போட்ட பெண் ஒருத்தி தன் பாட்டிலில் இருந்த குளிர்ந்த தண்ணீரைக் கைக்குட்டையில் நனைத்து என் பிடரியில் வைத்தாள். மஞ்சள் இல்லை, வேப்பிலை இல்லை. அதே சுகம்!

எனக்குள் ஏதோ அவிழ்ந்தது போல் இருந்தது. அம்மன் என்னை அடிக்கவில்லை. இது தீட்டுக்கு வந்த தண்டனை இல்லை. எனக்கு மட்டும் வந்த வினை இல்லை. எந்த ஊர், எந்தச் சாமி என்று பார்க்காமல் எல்லாப் பெண்ணுக்கும் வருகிற பருவம் இது! அந்த நாற்காலியிலிருந்து எழுந்து குதிக்கலாம் போல இருந்தது.

டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "உங்கள் வீட்டில் இஸ்திரிப் பெட்டி இருக்கிறதா மாவுஷி? சூடு போதும் என்றால் அது தானாகவே நின்றுவிடுகிறது, இல்லையா? உடம்புக்கும் தலைக்குள் அப்படி ஒரு விசை இருக்கிறது. முட்டைப்பை ஓய்வெடுக்கிற காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு ஏறி இறங்கும். அப்போது அந்த விசை தடுமாறும். உடம்பு சும்மா இருக்கும்போதே சூடாகிவிட்டது என்று நினைத்து வேர்வையைக் கொட்டும். புகை, கூட்டம், அடுப்பு, பதற்றம் எல்லாம் அதைத் தூண்டும். சில நிமிடத்தில் தானாக இறங்கிவிடும்." தூக்கமின்மை, மூட்டு வலி, படபடப்பு, கரண்டி வீசுகிற கோபம் எல்லாம் இதோடு வரலாம் என்றார். கரண்டி என்பதை நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். எழுதிக்கொண்டே சிரித்தார்.

மருந்து உண்டு. ரத்தப்போக்கை அடக்க மாத்திரை, இரும்புச்சத்து, தேவைப்பட்டால் ஹார்மோன். ஹார்மோன் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி மாத்திரையை வாங்கிப் போடக் கூடாது. தனியாக இருக்கக் கூடாது, பேச வேண்டும் என்பதையும் மருந்தைப் போலவே அழுத்திச் சொன்னார்.

கடைசியாக எல்லாப் பெண்களையும் பார்த்துச் சொன்னார்: "ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஒரு வருஷம் முழுசாக நின்று போன பிறகு, ஒரே ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே வர வேண்டும். பெரும்பாலும் சின்னக் காரணமாகத்தான் இருக்கும். ஆனால் சில பேருக்குக் கேன்சரின் முதல் அறிகுறி அதுதான். சீக்கிரம் வந்தால் காப்பாற்றிவிடலாம்."

என் சந்தோஷமெல்லாம் ஒரு நொடியில் வடிந்தது. "மூணு வருசத்துக்கு முந்தியே நின்னு போச்சு தாயே." மைனியின் மூச்சுக்காற்று என் காதில் இன்னும் இருந்தது.

வார்டுக்கு வந்ததும் கவிதாவின் போனை வாங்கி மைனியைக் கூப்பிட்டேன்.

"மைனி, நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க. உங்களுக்குப் படுதது நல்லதில்லன்னு டாக்டர் சொல்லுதாங்க."

"நீ முதல்ல உடம்பத் தேத்திட்டு வா பேச்சி. எனக்கு ஒண்ணுமில்ல. மூணு விளக்கும் போட்டாச்சு."

"நின்னுட்டா?"

"நிக்கல்ல. நிக்கும். அவளே சொல்லிட்டாள்லா?"

"மைனி, அத நான்தான் சொன்னேன்."

"நீ இப்பப் பேசுத. இது பேச்சி. அன்னைக்குப் பேசுனது அவ. உன் பேச்சுக்காக அவ வாக்க மீறவா?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

என் வாய்ப் பேச்சே எனக்கு முன்னால் சுவராக நின்றது. அன்று சாயந்தரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "இதுக்கு ஏன்ட்டி இவ்வளவு யோசன? நாளைக்கு வெள்ளிதான். ஒரு ஆட்டம் ஆடு. 'சொர்ணம், ஆஸ்பத்திரிக்குப் போ'ன்னு சொல்லிரு. ஓடிருவா" என்றார்.

சுலபமான வழிதான். அம்மன் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். தெரியாமல் ஆடியதை அவள் மன்னிப்பாள். தெரிந்தே அவள் பேரில் பொய் சொல்ல எனக்கு நா வராது. "அப்ப எல்லாரு முன்னாலயும் மானம் போவுமே" என்றார் அவர். "போவட்டும்" என்றேன்.

வெள்ளிக்கிழமை கவிதா கையைப் பிடித்துக்கொண்டு கோவிலுக்குப் போனேன். சாமியாடி திரும்பி வந்துவிட்டாள் என்று கூட்டம் இன்னும் அதிகம். சூடம் ஏற்றினார்கள். நான் வேண்டிக்கொண்டது போலவே நெஞ்சுக்குழியில் அந்தச் சூடு கிளம்பியது. உடுக்கைக்காரர் கையை ஓங்கினார். நான் போய் உடுக்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"யாரும் குலவ விடாதீங்க. தண்ணி ஊத்தாதீங்க. எல்லாரும் என்னையப் பாருங்க. கவிதா, போன்ல டைம் வையி."

வேர்வை என் நாடியிலிருந்து சொட்டியது. முன்னால் நின்ற சொர்ணம் மைனியின் கையை எடுத்து என் பிடரியில் வைத்தேன்.

"சுடுதா மைனி?"

"அனலாக் கொதிக்கி."

"பைய நில்லுங்க. இப்ப இறங்கும் பாருங்க."

நின்றோம். இறங்கியது. உடம்பு சில்லிட்டது. கவிதா போனைத் தூக்கிக் காட்டி, "நாலு நிமிஷம்" என்றாள்.

"இது அம்மன் இல்ல தாய்மாரே. மாசவிலக்கு நிக்கப் போற சூடு. ஆஸ்பத்திரியில முப்பது பொம்பளைங்களுக்கு இதே சூடு. எனக்குத் தெரியாது, நம்பிட்டேன். குறி கேட்டவங்க யாரும் என் பேச்ச வச்சுக்கிட்டு வைத்தியம் பாக்காம இருந்துராதீங்க. சொர்ணம் மைனி, உங்களுக்குச் சொன்னது அவ வாக்கு இல்ல. விவரமில்லாத இந்தப் பேச்சியோட வாய்."

அவர் காலில் விழுந்தேன். மைனி காலை உருவிக்கொண்டார்.

"மூணு மாசம் உன் கால்ல விழுந்தேன்லா, அந்தக் கணக்க நேர் பண்ணுதியோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். ஆனால் போன பிறகு ஓர் ஆச்சரியம் நடந்தது. பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "எனக்கும் அப்படித்தான் வருது, நான் சுகர்னு நினச்சேன்" என்றாள். இன்னொருத்தி, "நான் ஒண்ணரை வருசமா தூங்கல்ல" என்றாள். "நீ கரண்டிய வீசுன, நான் மாமியார் மேல செருப்ப வீசிருக்கேன்" என்றாள் மூன்றாமவள். அம்மன் முன்னால் அப்படி ஒரு சிரிப்பை அந்தக் கோவில் கேட்டிருக்காது.

சனியும் ஞாயிறும் மைனி வீட்டுக் கதவு திறக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஆறரை மணி. எங்கள் கதவை யாரோ தட்டினார்கள். மைனி தலை குளித்து, நல்ல சேலை உடுத்தி, கையில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு நின்றார்.

"அம்மன் உன் மேல வரல்ல, சரி. நீயாவது என்கூட வா."

மூன்று அறை வைத்த நீலப்பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். என் பேப்பருக்குப் பக்கத்தில் அவர் பேப்பரை வைத்தேன். அவருக்கும் அதே சோனோகிராபி, அதே பயாப்ஸி. முடிவு வரும் வரை இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் எத்தனையோ மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். என்னோடு அவர் அதிகம் பேசவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சாதத்தில் பாதியை மட்டும் என் பக்கம் தள்ளுவார்.

என் ரிப்போர்ட் முதலில் வந்தது. ஒன்றும் இல்லை. சந்தோஷப்படவும் பயமாக இருந்தது. அடுத்த வாரம் மைனியுடையது வந்தது. டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்தார். கர்ப்பப்பையின் உள்பூச்சில் கேன்சர் தொடங்கியிருக்கிறது. ஆனால் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும். என் கை மைனியின் கையைத் தேடியது. அவர் கை அதற்கு முன்பே என் முந்தானையைப் பிடித்திருந்தது.

"இன்னும் ஆறு மாசம் விளக்குப் போட்டுட்டு இருந்திருந்தா?" என்று மைனி டாக்டரிடம் கேட்டார். டாக்டர் ரிப்போர்ட்டை மடித்து மைனி கையில் கொடுத்தார். "வந்துவிட்டீர்கள் இல்லையா" என்றார்.

அறுவை நடந்த அன்று கோவண்டியிலிருந்து மைனியின் மகள் வந்திருந்தாள். நானும் அவளும் வெளியே உட்கார்ந்து, தெரிந்த அம்மன் பெயரையெல்லாம் சொன்னோம். நல்லபடியாக முடிந்தது. எடுத்ததைச் சோதித்து, வேறெங்கும் பரவவில்லை என்றார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதுமாம். மைனி கண் விழித்ததும் என்னைப் பார்த்து, நான் புதுப்பெண்ணாக வந்தபோது சொல்லிக்கொடுத்த அந்த இந்தி வார்த்தையைச் சொன்னார். பக்கத்தில் நின்ற நர்ஸ் காதைப் பொத்திக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது.

இப்போது வியாழக்கிழமைகளில் எங்கள் சந்திலிருந்து ஏழெட்டுப் பேர் பஸ் பிடித்துப் போகிறோம். வெட்கப்படுகிறவளை நடுவில் விட்டு அழைத்துப் போவோம். அருள் வருவது பொய் என்று நான் சொல்லவில்லை. யாருக்கு வருகிறதோ, அது அவர்களுக்கும் அவளுக்கும் உள்ளது. எனக்கு வந்தது அது இல்லை, அவ்வளவுதான். எனக்கு மாத்திரையில் சூடு குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை.

போன வெள்ளி பூஜையில் அது மறுபடி வந்தது. மைனி அறுவைக்குப் பிறகு கோவிலுக்கு வந்த முதல் வெள்ளி. சுவரோரம் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தோம். என் முகம் சிவந்து வேர்க்கத் தொடங்கியது. ஊரிலிருந்து புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பிள்ளை ஒன்று பக்கத்தில் நின்றது. அதற்கு விவரம் தெரியாது. கண்ணை விரித்து, "ஆத்தா!" என்று என் காலில் விழக் குனிந்தது.

நாற்காலியிலிருந்து மைனி குரல் கொடுத்தார்:

"ஏ பிள்ள, கால்ல விழாத. எந்திச்சு அந்த ஃபேனப் போடு."